ஸ்டூல் எடுத்துட்டு வாங்க

தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் ஒன்பது வருஷம் நின்றேன். 'வேலை பார்த்தேன்' என்றுதான் முதலில் எழுதினேன், அழித்துவிட்டேன். காலை ஒன்பதரைக்குக் கவுண்டரில் போய் நின்றால் ராத்திரி கடை சாத்துகிற வரைக்கும் நிற்பதுதான் வேலை. நடுவில் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் உட்காரலாம். புடவை விற்பதெல்லாம் அதற்கு மேல் கொசுறு. இப்போது வீட்டிலேயே மெஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறேன். இடது முழங்காலுக்குப் பின்னால் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்து நிற்கிறதே, அது அந்தக் கடை கொடுத்த போனஸ்.

போன வாரம் மார்ச் 8 மகளிர் தின ஊர்வல ஏற்பாட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பெண்கள் பதினொரு பேர், சங்கத்து ஆண்கள் மூன்று பேர். எடுத்த எடுப்பிலேயே நேரம் முடிவாகிவிட்டது. சாயங்காலம் நாலு மணி. "இந்த வருஷம் ஞாயித்துக்கிழமையா வந்திருக்கு தோழர், நல்லதாப் போச்சு. எல்லாருக்கும் லீவு, கூட்டம் வரும்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரங்கநாதன் தெரு எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்துக்குத் துணி விரித்துக் காட்டுகிறவளுக்கு ஞாயிறு எங்கே லீவு? வாரத்தில் அன்றைக்கு மட்டும்தான் செத்தாலும் லீவு கிடையாது.

இத்தனைக்கும் நோட்டீஸில் முதல் கோரிக்கையே கடைப் பெண்களின் உட்காரும் உரிமை! அதைக் கேட்டுப் போகிற ஊர்வலத்துக்கு, உட்கார முடியாத ஒருத்திகூட வர முடியாதபடி நேரம் குறித்திருக்கிறோம். கெட்ட எண்ணத்தில் இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றாமல் போனதுதான் எனக்குக் கோபம்.

உட்காருவதற்குத்தான் சட்டமே வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். வந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில், 1947ஆம் வருஷத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதற்கு முன்னால் 2018லேயே கேரளாவில் இதேபோல் திருத்தம் வந்தாயிற்று. அங்கே அது சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்கிற பெண், கடைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பல வருஷம் போராடினார். அவர்கள் ஆரம்பித்தது நாற்காலியில் இல்லை, கழிப்பறையில். கடையில் கழிப்பறை இல்லை என்பதால் பகலெல்லாம் தண்ணீரே குடிக்காமல் இருந்த பெண்கள் அவர்கள். அதைக் கேட்டு வாங்கிய பிறகுதான் உட்காருகிற பேச்சு. என்னைப் போல ஒரு தையல்காரி என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, இருக்கட்டும்.

நம்முடைய பிரிவில் சொல்லியிருப்பது இதுதான்: எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்த 'வாய்ப்புக் கிடைத்தால்' இருக்கிறதே, அங்கேதான் கடைக்காரர்கள் வண்டியை ஓட்டுகிறார்கள். வாய்ப்புக் கிடைத்ததா இல்லையா என்று யார் முடிவு செய்வது? ஃப்ளோர் சூப்பர்வைசர். கஸ்டமர் இருந்தால் உட்காரக் கூடாது. கஸ்டமர் இல்லையா, கலைந்த புடவையை மடி. மடித்தாகிவிட்டதா, கண்ணாடியைத் துடை. சட்டம் வந்த பிறகும் இரண்டு வருஷம் அதே கடையில் இருந்தேன். எங்கள் மாடிக்கு இரண்டு ஸ்டூல் வந்தன. ஒன்று, மேல் ரேக்கில் துணி எடுக்க ஏறுவதற்கு. இன்னொன்றின் மேல் சூப்பர்வைசரின் செல்போன் சார்ஜில் கிடக்கும். ஆக, சட்டப்படி இருக்கை இருந்தது. தலைக்கு மேலே கேமராவும் இருந்தது.

மகளிர் தினத்துக்கு எங்களுக்கும் ஒரு ரோஜாப்பூ உண்டு, கேக் உண்டு. கடை திறப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் எல்லோரையும் கீழ்த்தளத்தில் வரிசையாக நிறுத்தி, பெண் என்பவள் சக்தி என்று மேனேஜர் பேசுவார். கேக்கையும் நின்றபடியேதான் சாப்பிட்டோம்.

சரி, ஊர்வலக்காரர்கள் மட்டும் ஒழுங்கா? வேலையை விட்ட பிறகு 2024ல்தான் முதல்முறையாக ஒரு மகளிர் தின ஊர்வலத்துக்குப் போனேன். நடந்தது முக்கால் மணி நேரம். அதன் பிறகு மேடைப் பேச்சைக் கேட்டு நின்றது இரண்டே கால் மணி நேரம். மேடையில் மட்டும் நாற்காலி வரிசை கட்டியிருந்தது. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரர்தான் காலில் எண்ணெய் தேய்த்துவிட்டார். "இதுக்கு அந்தக் கடையே தேவலாமே" என்றார். திட்டினேன். ஆனால் பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் இந்த முறை கூட்டத்தில் வாயைத் திறந்தேன். காலை ஏழு மணிக்கு வைப்போம், பனகல் பூங்காவில் தொடங்கி வள்ளுவர் கோட்டத்தில் முடிப்போம், ஒன்பதுக்குள் எல்லோரும் அவரவர் கடையில் இருக்கலாம், வெயிலும் ஏறியிருக்காது என்றேன். உடனே ஆட்சேபம். காலையில் பத்திரிகைக்காரர்கள் வரமாட்டார்களாம், கூட்டம் சேராதாம், மக்கள் தூங்கிக்கொண்டிருப்பார்களாம். "முதல்ல பெரிசா ஒண்ணு நடத்திடுவோம், கடைப் பொண்ணுங்களுக்குத் தனியா இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று ஒருவர் பெருந்தன்மையாக வழி சொன்னார்.

கூட்டத்திலேயே வயதில் மூத்த தோழர் அம்மா ஒருவர், அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர், அப்போதுதான் பேசினார். மார்ச் 8 எங்கிருந்து வந்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டார். 1857ல் நியூயார்க்கில் ஆலைப் பெண்கள் போராடிய நாள் இது என்று வாட்ஸ்அப்பில் வருகிற கதையைச் சொல்லாதீர்கள், அதற்கு ஆதாரம் கிடையாது என்று முதலிலேயே வாயை அடைத்துவிட்டார். மகளிர் தினம் வேண்டும் என்று கோபன்ஹேகனில் நடந்த சோஷலிஸ்ட் பெண்கள் மாநாட்டில் ஜெர்மனிக்காரி கிளாரா ஜெட்கின் முதலானோர் 1910ல் தீர்மானம் போட்டபோது தேதி எதுவும் குறிக்கவில்லை. அடுத்த வருஷம் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கொண்டாடியது மார்ச் 19ல். இந்த எட்டாம் தேதி நிலைத்தது ரஷ்யப் பெண்களால். 1917ல் அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடில் பஞ்சாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்த நாள் அது. அவர்கள் பழைய நாட்காட்டியில் பிப்ரவரி 23. அதற்கு முந்தின நாள்கூட, இப்போது வேலைநிறுத்தம் வேண்டாம், பொறுங்கள் என்றுதான் கட்சி ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் கேட்கவில்லை. பக்கத்து இரும்பு ஆலைகளுக்குப் போய், ஜன்னலில் பனிக்கட்டியை உருட்டி எறிந்து ஆண்களை வெளியே கூப்பிட்டார்கள். ஒரே வாரத்தில் ரஷ்யச் சக்கரவர்த்தி ஜார் முடி துறந்தான். "பொறுங்கன்னு சொல்றவங்க அப்பவும் இருந்தாங்க தோழர்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

காலை ஏழு மணி முடிவாயிற்று.

அதற்கப்புறம்தான் வேலையே. போலீஸ் அனுமதிக்கு ஐந்து நாள் முன்னால் மனு கொடுக்க வேண்டும், அதைச் சங்கத்தார் பார்த்துக்கொள்கிறார்கள். நான் கேட்டு வாங்கிய பொறுப்பு கழிப்பறை. பாதை முழுக்க ஒரு நாள் காலையில் நடந்து பார்த்தேன். கண்ணில் பட்ட பொதுக் கழிப்பறை மூன்று, அதில் ஒன்று பூட்டு. தெரிந்த இரண்டு டீக்கடைகளிலும் ஒரு பிரஸ்ஸிலும் கேட்டு வைத்திருக்கிறேன். நோட்டீஸிலேயே இடங்களை அச்சடிக்கச் சொன்னேன், சிரித்தார்கள், அச்சடித்துவிட்டார்கள். தண்ணீர் குடிக்காமல் வராதீர்கள். ஒன்பது வருஷம் அப்படி இருந்து நீர்க்கடுப்பில் துடித்தவள் சொல்கிறேன்.

பேனர் என் மெஷினில் தயாராகிறது. ஃப்ளெக்ஸ் வேண்டாம், காடாத் துணி. காற்று பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க அங்கங்கே அரைவட்டமாக வெட்டிவிட வேண்டும்; இரண்டு ஓரமும் பைப் நுழைகிற அளவுக்கு மடித்துத் தைக்க வேண்டும். ஒரே ஒரு வரிதான்: 'நாற்காலி போட்டாப் போதாது, உட்கார விடு.' சக்தி, தாய்மை, தியாகம் எல்லாம் எழுதித் தரச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். துணி போதாது என்று சொல்லிவிட்டேன்.

கஷ்டமான பாகம் ஹாஸ்டல் பிள்ளைகள். கடைகளில் நிற்கிற பெண்களில் பாதிக்கு மேல் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். கடைக்காரர் வைத்திருக்கும் ஹாஸ்டலில்தான் தங்கல். என்னோடு நின்ற ஒருத்தி போனில் ரகசியமாகப் பேசினாள். "எக்கா, வார்டன் விடமாட்டாவ. கோயிலுக்குன்னு சொல்லிட்டு நாலு பேரு வாரோம். ஆனா போட்டோல மூஞ்சி வரப்பிடாது, வந்தா மறுநாளே ஊருக்குப் பஸ் ஏத்திருவாவ." ஆகவே ஃபேஸ்புக் லைவ் போடத் துடிக்கும் நண்பர்களே, உங்கள் காலில் விழுகிறேன். எடுப்பதானால் பின்னாலிருந்து எடுங்கள், இல்லையென்றால் கால்களை எடுங்கள். உங்களுக்குக் கிடைப்பது ஐம்பது லைக், அவளுக்குப் போவது வேலை.

இதை எழுதுவதற்குள் என் மாமியார் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். "போலீஸு புடிச்சா யாரு போய் கூட்டியாறது?" என்கிறார். 1938ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கைக்குழந்தையோடு ஜெயிலுக்குப் போன பெண்களெல்லாம் இதே சென்னையில் இருந்தார்கள் அத்தை என்றேன். "அவங்க வூட்ல சோறு யாரு ஆக்கினாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு உப்புமா, பையன் கிண்டுகிறான்.

வள்ளுவர் கோட்டத்தில் மேடை கிடையாது. நின்று பேசுகிற ஆளும் கிடையாது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து, போய்ச் சேர்ந்ததும் அதைப் போட்டு இருபது நிமிஷம் உட்காரப் போகிறோம். பேச விரும்புகிறவர்கள் உட்கார்ந்தபடியே பேசலாம். இதுவரை இருபத்தாறு ஸ்டூல் சேர்ந்திருக்கிறது, இன்னும் நாற்பதாவது வேண்டும். தி.நகர், மேற்கு மாம்பலம், கோடம்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொடுத்தால் போதும், உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அடியில் மார்க்கரில் பெயர் எழுதிக் கொடுங்கள், திருப்பித் தந்துவிடுவோம். கால் ஆடுகிற ஸ்டூல் வேண்டாம்.