அறிக்கை சொல்லிவிட்டதாம்!

நேற்று குழுவில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் ராணுவ முகாமில் மாசுபட்டுப்போன குடிதண்ணீர் பற்றி நான் எழுதியதற்குக் கீழே ஒரு நண்பர், “1997லேயே அரசு அறிக்கை பெரியவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து குறைவு என்றது. இதெல்லாம் நஷ்டஈட்டுக்கு அலைபவர்கள் கிளப்பும் பீதி” என்று தீர்ப்பு எழுதினார். லைக்குகளும் குவிந்தன.

ஐயா, அந்த அறிக்கையை வெளியிட்டவர்களே 2009இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்களே, அதையும் சொல்லியிருக்கலாமே? தண்ணீரில் பென்சீன் (எரிபொருளில் இருக்கும், புற்றுநோய் வரவழைக்கும் ரசாயனம்) கலந்திருந்ததைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 1953 முதல் 1987 வரை இயந்திர எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் கரைப்பான், டிரை கிளீனிங் கடைக் கழிவு, எரிபொருள் கசிவு எல்லாம் கலந்த கிணற்றுத் தண்ணீரைத்தான் அங்கே குடித்தார்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள். எதை அளந்தார்கள், எதை விட்டார்கள்? அதைக் கேட்காமல் முடிவை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

எங்கள் அப்பா கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவர். வெள்ளைத் தூசி படிந்த அவர் சட்டையை அம்மா வாசலில் உதறிவிட்டுத்தான் ஊறப்போடுவார். வருடா வருடம் கம்பெனி பரிசோதனை: எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை. ‘எல்லாம் நார்மல்’ என்று சீட்டு வரும். நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கவில்லை. பிறகு வேறிடத்தில் எடுத்தபோது நுரையீரல் தழும்பாகிக் கிடந்தது. சீட்டில் பொய் இல்லை, பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

“நீங்கள் என்ன விஞ்ஞானியா?” இல்லை. கேள்வி கேட்கப் பட்டம் வேண்டுமா? “ஒருவருடைய நோய் அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியுமா?” கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 2022இல் தனிச் சட்டமே போட்டு வழக்குக்கு வழிவிட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றமும் பீதி கிளப்புகிறது போல!

“சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு எதற்கு?” என்று இன்னொருவர். பாய லேபார் ஆகாயப் படைத் தளம் 2030களில் இடம் மாறப்போகிறது. அந்த வட்டாரத்தில் சுமார் 1,50,000 வீடுகள் வரலாம் என்கிறார்கள். அங்கே விஷம் இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. மண்ணில் எதையெல்லாம் சோதித்தார்கள் என்ற பட்டியலைக் கண்ணில் காட்டட்டும் என்கிறேன். அங்கே பிடிஓ, அதாவது அரசு கட்டித்தரும் புது வீடு, வாங்க வரிசையில் நிற்கப்போவது உங்கள் பிள்ளைகளும்தானே?

அப்புறம், ‘நஷ்டஈட்டுக்கு அலைபவர்கள்’ என்ற அந்த வரி. அதற்கு லைக் போட்டவர்களில் இரண்டு பேர் அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள். அவர் யாரிடமும் ஒரு வெள்ளிகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் சரி.