படகைத் திரும்ப வாங்குவது பிச்சை அல்ல

மீன்பிடிப் படகுகளை அரசே பணம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டுமா என்ற விவாதத்தின் துண்டு ஒன்று எல்லோர் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. "மீன் குறைந்தால் படகை நிறுத்துவது படகுக்காரன் பாடு, அதற்கு என் வரிப்பணம் எதற்கு?" என்று அதில் ஒரு வல்லுநர் கேட்டதும் அரங்கில் அப்படியொரு கைதட்டல். அதை எனக்கே அனுப்பி, "சரியாகத்தானே கேட்கிறார்?" என்கிறார்கள் நண்பர்கள். எனக்குச் சொந்த ஊர் பாம்பன் என்பதும், வீட்டில் தலைமுறையாகக் கடலுக்குப் போகிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே அனுப்பியதுதான் வலிக்கிறது.

சரியாகக் கேட்கவில்லை. இந்தப் படகுகளைக் கடலில் இறக்கியது அரசு. இறக்கியவர்கள்தான் செலவு செய்து கரையேற்ற வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் போட்ட ஒப்பந்தத்தில் பிறந்த மீன்பிடித் திட்டம் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் தொடங்கியது. அப்போது இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நல்ல விலை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. கடன், மானியம், பயிற்சி எல்லாம் கொடுத்து இழுவைமடி, அதாவது கடலடியை வாரிக்கொண்டு வரும் பை வலை, போடும் விசைப்படகுகளை இரண்டு கடற்கரையிலும் பெருக்கினார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் அன்றிலிருந்தே கத்தினார்கள். சண்டைகள் நடந்த பிறகுதான் 1983-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்றார்கள். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்துக்கொண்டதும் அந்தச் சண்டையில் வந்த ஏற்பாடுதான். ஆனால் படகுகள் குறையவில்லை.

இழுவைமடியை மேலே தூக்கி முடிச்சை அவிழ்த்துக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இறால் தேடித்தான் மடி போடுகிறோம். கொட்டும் குவியலில் இறாலைக் கையால் துழாவித் தேட வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத காரல், நகம் அளவு நண்டு, கண்ணாடி போன்ற கணவாய்க் குஞ்சு, வேரோடு வந்த கடற்புல், சேறு. இதற்கு எங்கள் பக்கம் சங்காயம் என்று பெயர். கோழித்தீவன ஆலைக்கு எடைபோட்டுப் போகும். இன்னும் ஓராண்டு கடலில் விட்டிருந்தால் நாலு வீட்டுக்குச் சோறு போட்டிருக்கும் மீன் அது. படகைக் குறைக்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வல்லுநரைவிட நன்றாகவே தெரியும்.

"அதற்குத்தான் 2017-இல் திட்டம் வந்ததே" என்பீர்கள். வந்தது. பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மூன்று ஆண்டில் விலக்கி, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகு தருவதாகச் சொன்னார்கள். ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீதிப் பத்து மீனவர் கையிலிருந்து. அந்த 2,000-க்குப் பக்கத்தில்கூட அது போகவில்லை. ஏன் என்று என் மாமாவைக் கேளுங்கள். கைக்காசு எட்டு லட்சத்தை எப்படியோ புரட்டிவிடலாம் என்று நம்பி ஒரு வங்கிக்குப் போனார். பதினாறு லட்சம் கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். கடற்கரைக் குடியிருப்பில் பட்டா ஏது? அத்தையின் நகையைப் பற்றி விசாரித்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போய் மறுநாள் காலை திரும்பும் தொழில் எங்களுடையது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதரை, ஒரே நீளக் கயிற்றில் ஏராளமான முள் கோத்த ஆயிரங்கால் தூண்டிலோடு நாள்கணக்கில் ஆழ்கடலில் கிட என்றால் எப்படி? படகுக்குப் படகு கொடுத்தால் போதும் என்று நினைத்ததே பிழை. தொழிலை விட்டு வெளியேற விரும்புகிறவருக்கு அந்தப் படகின் விலையைக் கொடுத்து, உடைத்து, கணக்கை முடிப்பதுதான் நியாயம். இதில் ஒரு கையால் படகைக் குறைக்கிறோம் என்கிறார்கள், மறு கையால் அதே இழுவைப் படகுக்கு வரிவிலக்கு டீசல் ஊற்றுகிறார்கள். இந்தச் செலவைப் பற்றி வல்லுநர் வாய் திறக்கவே இல்லை.

"பணத்தை வாங்கிக்கொண்டு வேறு படகு வாங்குவார்கள்." வாங்குவார்கள்தான், உரிமத்தை விட்டுவைத்தால். உரிமத்தையும் சேர்த்து ரத்து செய்யுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது?

"ஆண்டுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே." முட்டையிட விட்டு, பிறந்த குஞ்சை ஜூன் 15-இலிருந்து வாரிக்கொண்டு வந்தால் கடல் எப்படித் தேறும்?

"எல்லை தாண்டிப் போய் யாழ்ப்பாணத்து மீனவர்களின் வலையை அறுக்கிறவர்களுக்கு என்ன பரிவு?" இந்தக் கேள்விக்கு மட்டும் நான் தலைகுனிகிறேன். போருக்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கியவர்கள் அவர்கள். நாம் பேசும் மொழியைத்தான் அவர்களும் பேசுகிறார்கள். இலங்கை 2017-இலேயே இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நம் பக்கம் கடலைச் சுரண்டி முடித்ததால்தான் படகுகள் அங்கே போகின்றன. இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், படகை வாங்குங்கள் என்று.

கனடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூலையில் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன்பிடியை நிறுத்தியபோது சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. அரசு வருமான உதவி கொடுத்தது, மறுபயிற்சி கொடுத்தது, உரிமத்தைத் திருப்பித் தந்தவர்களுக்குப் பணம் கொடுத்தது. அந்தத் தடையை முழுதாக விலக்க 2024 ஆனது. அவ்வளவு மெதுவாகத்தான் கடல் தேறும். ஆனால் அங்கே படகு முதலாளிக்கு மட்டுமல்ல, மீன் பதனிடும் ஆலையில் நின்றவர்களுக்கும் உதவி போனது. நம் திட்டத்தில் படகு யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் மானியம். கூலிக்குப் பதில் பிடிபட்டதில் பங்குக்குப் போகும் தொழிலாளியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. எல்லை தாண்டிப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் கிடப்பது பெரும்பாலும் அவன்தான். படகு போனால் முதலாளிக்கு நஷ்டம், அவனுக்கு அன்றே அடுப்பு எரியாது. துறைமுகத்தில் குந்தி உட்கார்ந்து சங்காயம் பிரிக்கும், இறால் தலை கிள்ளும் பெண்களை யாராவது எண்ணியிருக்கிறார்களா? என் அம்மா அப்படி உட்கார்ந்தவர். விரல் நுனியில் இறால் முள் குத்திய புண் ஆறும் முன்பே அடுத்த நாள் வேலைக்குப் போனவர். அவரும் வரி கட்டியிருக்கிறார், வாங்கிய ஒவ்வொரு சோப்புக்கும் தீப்பெட்டிக்கும். "என் வரிப்பணம்" என்று அந்த மனிதர் நெஞ்சில் தட்டிக்கொண்டபோது எனக்கு அந்த விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஆகவே படகை வாங்குங்கள், உரிமத்தை ரத்து செய்யுங்கள், பங்குக்காரர்களையும் கரையில் உழைக்கும் பெண்களையும் பெயர் பெயராக எழுதி உதவிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கில் தவறு இருந்தால் கீழே காட்டுங்கள், பதில் சொல்கிறேன். "உங்கள் ஆட்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது" என்று எழுத வருகிறவர்களை, நண்பராக இருந்தாலும், நீக்கிவிடுவேன்.