160 கில்டருக்கு "விரும்பி விற்ற" ஓவியம்

நண்பர் ஒருவரின் நேற்றைய பதிவையும் அதன் கீழே நடந்த கூத்தையும் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கியின் ஓவியத்தை ஆம்ஸ்டர்டாம் மியூசியத்திடமிருந்து பிடுங்கி, பழைய உரிமையாளரின் வாரிசுகளுக்குக் கொடுத்தது அநியாயம், குடும்பமே ஏலத்தில் விற்றதுதானே" என்கிறார் நண்பர். அதற்கு எத்தனை ஹார்ட்டின்! சரி.

1940 மே மாதம் ஹிட்லரின் ஜெர்மன் ராணுவம் நெதர்லாந்துக்குள் நுழைகிறது. அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஏலம். லெவன்ஸ்டைன் என்ற யூதக் குடும்பத்திடம் இருந்த இந்த 'வீடுகளோடு ஓர் ஓவியம்' 160 கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) போகிறது. எடுத்தது அந்த நகரத்தின் ஸ்டெடெலிக் மியூசியம். இடையில் இருந்த ஐந்து மாதத்தை விட்டுவிட்டு ஏல ரசீதை மட்டும் நீட்டினால் எப்படி? விற்பது வேறு, விற்க வைக்கப்படுவது வேறு.

"போருக்கு முன்பே அவர்களுக்குப் பணக்கஷ்டம்" என்று ஒருவர். இருந்திருக்கட்டுமே. 2018இல், நாஜி காலத்தில் கைமாறிய கலைப்பொருட்களைத் திருப்பிக் கேட்பவர்களின் வழக்குகளை ஆராயும் டச்சுக் குழு இதையும் சொல்லித்தான் கைவிரித்தது. கூடவே, கேட்டு வந்தவருக்கு இந்தப் படத்தோடு ஆழ்ந்த பிணைப்பு இல்லை, மியூசியத்துக்கோ இது முக்கியம் என்றது. அடேயப்பா! என் வீட்டு அண்டாவை வைத்திருப்பவர், "உனக்கு அதன்மேல் பாசமில்லை, எனக்கோ தினம் அதில்தான் தண்ணீர்" என்றால் நான் கும்பிட்டுவிட்டு வர வேண்டுமா? 2020இல் நீதிமன்றமும் அதற்குத் தலையாட்டியது. 2021இல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சிதான் கடைசியில் திருப்பித் தர முடிவெடுத்தது.

"மியூசியத்தில் இருந்தால் எல்லோரும் பார்க்கலாமே?" நியாயமான கேள்வி, எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் நம் கண்ணுக்கு விருந்து என்பதற்காக அடுத்தவர் வீட்டில் கை வைக்கலாமா?

வரைந்த கண்டின்ஸ்கியின் கதையும் அதுதான். 1909இல், ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள முர்னாவ் ஊரில் நிறங்களை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த காலத்துப் படம் இது. 1914இல் முதல் உலகப்போர் வந்ததும், எதிரி நாட்டு ரஷ்யர் என்பதால் ஜெர்மனியில் இருக்க முடியவில்லை. 1921இல் சோவியத் ரஷ்யாவையும் விட்டு ஜெர்மனிக்கே திரும்பினார். 1933இல் அங்கே நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பாரிசுக்கு. மூன்று முறை பெட்டி கட்டியவர். அவரும் விரும்பித்தான் போனார் என்பீர்களோ?

குடும்பத் தலைவர் இமானுவேல் லெவன்ஸ்டைன் தையல் மெஷின் வியாபாரி. அதைப் படித்த இடத்தில் நின்றுவிட்டேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அம்மாவின் தையல் மெஷினைப் பக்கத்துத் தெருக்காரர் 400 ரூபாய்க்குத் தூக்கிப்போனார். இரண்டு வருடம் கழித்து அம்மா பணத்தோடு போய்க் கேட்டார். "நீங்களாத்தானே குடுத்தீங்க?" என்று வாசலிலேயே பதில்.

நாஜிக் கொடுமையோடு உன் வீட்டு மெஷினை ஒப்பிடுகிறாயா என்று பாய்ந்து வராதீர்கள். ஒப்பிடவில்லை. நண்பரின் பதிவில் அதே வாக்கியத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்த மெஷினில் அவர்கள் ஒரு நாளும் தைத்ததாகத் தெரியவில்லை. மேலே டிவி வைத்திருந்தார்கள்.