ஜல்லியின் வயசு

எங்கள் குரோம்பேட்டை அடுக்ககத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா என்று போன ஞாயிறு மொட்டை மாடியில் கூட்டம். "28 வருஷம் ஆச்சு சார், ரொம்பப் பழசு" என்றார் செயலாளர். நான் காரை பெயர்ந்த தூணிலிருந்து உதிர்ந்த ஒரு ஜல்லியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கருப்புதான். வெயிலில் பிடித்தால் எண்ணெய் தடவிய மாதிரி லேசான பச்சை, நடுவில் நீலம் பாரித்த குவார்ட்ஸ் பொட்டு.

பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை எல்லாம் இதே கல். சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் 1693-ல் செத்துப்போன ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக்கல்லும் இந்த வகைதான் என்று ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் வைத்த பெயர். நாம் கருங்கல் என்று சொல்லி அம்மி கொத்திக்கொண்டிருந்தோம். பல்லாவரைட் என்று வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

"இதுல டைனோசர் எலும்பு இருக்குமா அங்கிள்?" என்றான் பக்கத்து வீட்டுப் பையன். இருக்காது கண்ணா. பூமிக்கடியில் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல் வெந்து இறுகிய கல் இது. எலும்பு இருந்தாலும் மிஞ்சாது. அப்போது எலும்பு உள்ள உயிரே கிடையாது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும்தான். காற்றில் ஆக்சிஜன் சேரவே இன்னும் பல கோடி வருஷம் பாக்கி. டைனோசர் வர இருநூறு கோடிக்கும் மேல்.

அப்புறம் ஜல்லியைச் சுற்றி ஒட்டியிருந்த சிமென்ட். அது அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் வந்ததாக இருந்தால், அந்தக் கதை வேறு. டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில் அங்கே கடல் இருந்தது. அதில் செத்து அடியில் படிந்த சிப்பி, நத்தை, சுருள்சுருளான ஓடுள்ள அம்மோனைட் என்ற கடல் உயிர் எல்லாம் சேர்ந்த கல். ஆக, எங்கள் தூணில் ஜல்லிக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே 240 கோடி வருஷ இடைவெளி. கொத்தனார் அரை மணியில் கலந்துவிட்டார்.

ஆயிரம் வருஷத்துக் கோயில் என்றால் செருப்பைக் கழற்றுகிறோம். 250 கோடியை முக்கால் இஞ்ச், ஒன்றரை இஞ்ச் என்று சலித்து லாரியில் ஏற்றுகிறோம். உடைக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது, குடியிருப்பதே அதில்தான். ஆனால் அரியலூர்ச் சுரங்கங்களில் இயந்திரத்தில் போடுவதற்கு முன், புதைபடிவம் தெரிந்த ஒருவர் நின்று பார்க்கட்டும். நொறுங்கின அம்மோனைட் திரும்ப வராது. பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். படியேறிப் போய் செல்ஃபி எடுக்கிறவர்களில் எத்தனை பேர் காலடியைப் பார்த்திருப்பார்கள்? நானே நாற்பது வயது வரை பார்க்கவில்லை.

சரி, கூட்டத்தில் இடிப்பதென்று முடிவாகிவிட்டது. நானும் கைதூக்கினேன், ஒழுகுகிறதே. ஜல்லியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பால்கனிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க இப்போது அதுதான் முட்டு.