எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அம்மா ஒருவருக்காகத் தனியாக மன்றாடினார். "ஆண்டவரே, புகார் கொடுத்த அந்த ஆளின் மனக்கடினத்தை மாற்றும்." நானும் "ஆமென்" சொன்னேன். அந்த ஆள் நான்தான்.

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் பக்கத்து வீட்டு மாக்சிக் (வயதில் மூத்த மலாய்ப் பெண்களை இப்படித்தான் அழைப்போம்) அடுக்குமாடியின் பொது நடைபாதையில் தொட்டிகள் வைத்திருந்தார். பாண்டான், கற்றாழை, இடுப்புயரத்துக்கு வளர்ந்த ஒரு கறிவேப்பிலை. ரசத்துக்குத் தாளிக்கும் நேரத்தில் கதவைத் தட்டினால் ஒரு கொத்து ஒடித்துத் தருவார். ஆனால் அம்மாவின் சக்கர நாற்காலி இரண்டு முறை தொட்டியில் இடித்துவிட்டது. தீப் பாதுகாப்பு விதிப்படி நடைபாதையில் 1.2 மீட்டர் இடம் விட்டிருக்க வேண்டும். அளவுநாடா வைத்து அளந்தேன். ஒரு சாண் குறைந்தது. படம் எடுத்து நகர மன்றத்துக்கு அனுப்பினேன். என் பெயர் வெளியே தெரியாது என்பதை முதலிலேயே உறுதிப்படுத்திக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கதவுக்கும் எங்கள் கதவுக்கும் இடையே நாலடிதான்.

பத்து நாளில் அறிவிப்பு வந்தது, தொட்டிகள் போயின. மின்தூக்கி அருகே அம்மாவிடம் மாக்சிக் பாசார் மலாயில், அதாவது கடைத்தெருப் பேச்சு மலாயில், சொல்லிக் கண் கலங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்த அம்மா, "எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ!" என்றார். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் மத்தேயு ஐந்தாம் அதிகாரம். பலிபீடத்தண்டை காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. சிறு வயதிலிருந்து கேட்ட பகுதி. ஆனாலும் இத்தனை நாளும் அதை நான் தலைகீழாகவே வாசித்திருக்கிறேன். எனக்கு யார்மேல் குறை என்று தேடிப் பார்த்து, ஒருவரையும் காணோம் என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். அவர் கேட்பது, யாருக்கு என்மேல் குறை என்பதை. அந்தக் குறை நியாயமானதா, 1.2 மீட்டர் யார் பக்கம் என்றெல்லாம் அந்த வசனம் விசாரிக்கவே இல்லை.

இதை அவர் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேம் தேவாலயத்தில். நடுவில் 100 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நான்கு நாள் நடை. அவ்வளவு தூரம் வந்தவனிடம், காணிக்கையை வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போய்ச் சமாதானமாகிவிட்டு மறுபடி வா என்றால், கேட்ட கலிலேயர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். நமக்கு என்ன கேடு? கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர் இருக்கும் தீவு. எம்ஆர்டி ரயில் ஏறினால் எந்தச் சகோதரனையும் மதியச் சாப்பாட்டுக்குள் பார்த்துவிடலாம். ஆனால் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போகக்கூட நம்மிடம் ஒன்றும் இல்லை. காணிக்கை கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ் வழியாகச் சனிக்கிழமை இரவே போய்விடுகிறது.

என் சித்தப்பா மகன் கத்தோலிக்கர். 1888ஆம் ஆண்டிலிருந்து ஓஃபிர் ரோட்டில் நிற்கும் லூர்து மாதா ஆலயத்துக்குப் போகிறவர். அவர்கள் திருப்பலியில் அப்பத்தை உண்பதற்குச் சற்று முன்னால் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிறார்கள். ஆங்கிலிக்கன் வழிபாட்டில் காணிக்கைக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு நமக்கு என்ன சண்டை? சண்டைக்காரர் எந்த வரிசையில் இருக்கிறார் என்று பார்த்துத்தானே நாம் இடம் பிடிக்கிறோம்!

எங்கள் சபையாரின் தப்பும் வழி இன்னும் சுலபம். "ஜெபத்தில் வைத்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுவோம். ஜெபத்தைக் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பத்து நாளும் நான் தவறாமல் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன். மாக்சிக்கின் முட்டிவலிக்காகக்கூட ஜெபித்தேன். தட்ட வேண்டிய கதவைத் தட்டாதவனுக்கு அது எவ்வளவு வசதியான ஒதுக்கிடம் என்பதைச் சொல்ல என்னைவிடத் தகுந்த சாட்சி கிடையாது.

ஒப்புரவு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வேதாகமத்துக்காகச் செய்த புதுச்சொல் அல்ல. திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கே முதல் குறளே மழையைக் காட்டி, கைம்மாறு எதிர்பாராத கடமை என்கிறது. வள்ளுவர் சொல்வது ஊருக்கு உதவுவதைப் பற்றி, சண்டை தீர்ப்பதைப் பற்றி அல்ல. ஆனாலும் மன்னிப்புக் கேட்கப் போகிறவன் கையில் வைத்துக்கொள்ள அந்தக் குறளும் உதவும்.

ஆராதனையின் நடுவில் எழுந்து போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. கடைசிப் பாட்டு முடிந்து, தேநீர் குடித்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குத்தான் போனேன். அதற்கு முன் அம்மாவிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சட்டையை மாற்றிக்கொண்டு போ" என்றார்.

மாக்சிக் மரக்கதவைத் திறந்தார், கம்பிக்கதவைத் திறக்கவில்லை. புகார் கொடுத்தது நான்தான் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். முன்பே உங்களிடம் வந்து பேசியிருக்க வேண்டும், தவறு என்னுடையது என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், தொட்டிகள் இருந்த இடத்தைப் பார்த்தார். தரையில் வட்ட வட்டமாகக் கறை இருந்தது. "தாக் அப்பா", பரவாயில்லை, என்று மெல்லச் சொல்லிவிட்டு மரக்கதவைச் சாத்திக்கொண்டார்.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. மின்தூக்கியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறேன், தலையசைக்கிறார். அம்மாவுடன் மட்டும் முன்போலவே பேசுகிறார். கறிவேப்பிலையை நாங்கள் கடையில்தான் வாங்குகிறோம்.