பாமியத் இயக்கம் தோன்றிய காலம் குறித்து

ரஷ்யத் தேசியவாத அமைப்பான ‘பாமியத்’ 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகே தோன்றியது என்ற கருத்தைப் பலரும் அப்படியே பகிர்ந்து வருகிறார்கள். கால வரிசை அவ்வாறு இல்லை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன். ‘நினைவு’ என்று பொருள்படும் பெயருடன், பழங்காலச் சின்னங்களைக் காக்க விரும்பிய ஆர்வலர்களின் வட்டமாக 1980-களின் தொடக்கத்திலேயே மாஸ்கோவில் இயங்கி, பின்னர் திமித்ரி வசீலியெவின் தலைமையில் யூத வெறுப்பை வெளிப்படையாகப் பரப்பும் அமைப்பாக மாறிய அது, 1987 மே மாதம் மனேஷ் சதுக்கத்தில் ஆர்ப்பாட்டம் நடத்தியது. அப்போது மாஸ்கோ நகரக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளராக இருந்த போரிஸ் யெல்ட்சின் ஆர்ப்பாட்டக்காரர்களைச் சந்தித்துப் பேசினார். ஐயமுள்ளோர் யெல்ட்சினின் பதவிக்காலத்தை எந்த வரலாற்று நூலிலும் பார்க்கலாம்: அதே ஆண்டு நவம்பரிலேயே அவர் அப்பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். ஆகவே அச்சந்திப்பு 1991-க்குப் பின் நடந்திருக்க வழியே இல்லை.