மூச்சை அடக்காமல் தூக்குங்கள்

கர்ப்பப்பை இறக்கத்துக்குக் கெகல் பயிற்சி (இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்துவது) நல்லது என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அதை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு இரண்டாம் நிலை இறக்கம். முதல் இரண்டு மாதம் வயிற்றையும் தொடையையும் இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே முக்கியிருக்கிறேன், பைத்தியம் மாதிரி! பிசியோதெரபிஸ்ட்தான் பார்த்துச் சொன்னார்: "வாயு வெளியேறாமல் அடக்குவீங்கல்ல, அதுபோல உள்ளே, மேலே இழுங்கம்மா." சில நொடி பிடித்துவிட்டு முழுசாகத் தளர்த்தவும் வேண்டும். இந்தத் தளர்த்துவதை யாரும் சொல்வதே இல்லை.

அப்புறம் தண்ணீர்க் குடம். மூச்சை அடக்கித் தூக்கினால் அழுத்தம் கீழேதான் இறங்கும். இப்போது அந்தத் தசைகளை மேலே இழுத்துப் பிடித்து, மூச்சை விட்டபடியே தூக்குகிறேன். இருமல், தும்மலுக்கும் அப்படியே. கூன் போட்டு உட்காருவதையும் விட்டுவிட்டேன். மலச்சிக்கலைச் சரிசெய்யாமல் பயிற்சி மட்டும் செய்து பலனில்லை.

முதல், இரண்டாம் நிலைக்குக் குறைந்தது 16 வாரம் பயிற்சி என்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். எனக்கும் நான்காவது மாதம்தான் சாயங்காலத்தில் கீழே உணரும் பாரம் குறைந்தது; இறக்கம் மறைந்துவிடவில்லை. கர்ப்பப்பை வெளியே தள்ளி நிற்கிறவர்கள், அதைத் தாங்க உள்ளே வைக்கும் பெசரி வளையம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். என் மாமியார் வெட்கப்பட்டு 20 வருஷம் வாயே திறக்கவில்லை.